தயவுசெஞ்சு பழைய போஸ்டரை லேமினேட் பண்ணாதீங்க

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் காப்பகத்துல இருந்து கெளம்புற நேரத்துல ஒருத்தர் வந்தாரு. அறுபது வயசுக்கு மேல இருக்கும். அவங்க அப்பா தஞ்சாவூர் பக்கம் டூரிங் டாக்கீஸ் நடத்தினவராம், கொட்டகையைப் பிரிச்சு பல வருஷம் ஆகியும் போஸ்டர் கட்டை மட்டும் டிரங்க் பெட்டில போட்டு பரண்ல வெச்சிருந்திருக்காரு, அப்பா காலமான பிறகு மகன் அதை எறக்கி, ஆவணக் காப்பகத்துக்கு குடுத்துரலாம்னு நல்ல மனசோட ஆட்டோ புடிச்சு கொண்டாந்திருக்காரு. மேஜை மேல வெச்சு கட்டைப் பிரிச்சாரு. மொத்தம் 38 போஸ்டர். "அப்படியே குடுத்தா நல்லாருக்காதுன்னு கைக்காசு போட்டு எல்லாத்தையும் லேமினேட் பண்ணிட்டேன் மேடம், இனிமே நூறு வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது"ன்னாரு.

எனக்கு தொண்டையை அடைச்சுருச்சு. அவர்கிட்ட எப்படி கோவப்பட முடியும், அப்பா மேல இருக்கற பாசத்துல செஞ்சது. ஆனா இந்த வருஷம் மட்டும் இது அஞ்சாவது கேஸ். பேப்பர் கன்சர்வேஷன், அதாவது பழைய தாள்களைக் கெடாம காப்பாத்தற வேலைல இருக்கற என்னை மாதிரி யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவாங்க. அதனால நேரா சொல்லிடறேன், லேமினேஷன் பாதுகாப்பு இல்ல. உங்க ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு அது சரி. 1950கள்ல அடிச்ச லித்தோ, அதாவது கல்லச்சு போஸ்டருக்கு அது எமன்.

ஏன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா எத்தனை தடவை சொன்னாலும் "பிளாஸ்டிக் உள்ள காத்து தண்ணி போகாதே மேடம்"ங்கற கேள்வி வந்துட்டே இருக்கு. கடைல பண்ற லேமினேஷன் ரெண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவுல பேப்பரை சும்மா வெச்சு மூடறது இல்ல. அந்த பிளாஸ்டிக்கோட உள்பக்கம் முழுக்க ஒரு பசை இருக்கு, சூட்டுல உருகற பசை. மெஷின்ல 100 டிகிரிக்கு மேல சூடு குடுத்து அழுத்தும்போது அந்தப் பசை உருகி பேப்பரோட நாருக்குள்ள எறங்கி உக்காந்துடுது. அதுக்கப்புறம் பேப்பர் வேற பிளாஸ்டிக் வேற கிடையாது. உரிக்கணும்னா பேப்பரோட மேல்தோல், அதாவது மை இருக்கற பக்கம், பிளாஸ்டிக்கோட சேர்ந்து வந்துடும். இல்லேன்னா கெமிக்கல்ல ஊறப்போட்டு பசையைக் கரைக்கணும், ஒவ்வொரு போஸ்டருக்கும் நாள் கணக்குல வேலை, அதுலயும் ரப்பர் ஸ்டாம்ப் மை, பேனாவுல எழுதினது எல்லாம் கரைஞ்சு ஓடிடும், அப்படியும் பசை முழுசா வராது.

அடுத்தது, வெளில இருந்து வர்றதை மட்டும்தான் எல்லாரும் யோசிக்கறாங்க. போஸ்டருக்கு பெரிய எதிரி அந்தப் பேப்பருக்குள்ளயே இருக்கு. போஸ்டர் அடிச்சது நாலு நாள் சுவத்துல நின்னா போதும்னு வாங்கின மலிவு பேப்பர்ல, அதுல இருக்கற அமிலம் வருஷக்கணக்குல பேப்பரை உள்ளயே தின்னுட்டு இருக்கும், அதனாலதான் பழுப்பாகி அப்பளம் மாதிரி நொறுங்குது. அதை ரெண்டு பக்கமும் அடைச்சு மூடினா உள்ள உண்டாகறது வெளிய போக வழியில்லாம அங்கயே தங்கி வேலையை இன்னும் வேகமா பண்ணும். மூணாவது, நம்ம ஊர் வெயில், நம்ம ஊர் ஈரம். பிளாஸ்டிக் ஒரு மாதிரி விரியும், பேப்பர் வேற மாதிரி விரியும், கொஞ்ச வருஷத்துல ஓரம் விட்டு, சுருண்டு, உள்ள ஈரம் ஏறி கொப்புளம் கொப்புளமா வந்து நிக்கும். அந்தக் கொப்புளத்துக்குள்ள பூஞ்சைக் காளான் வளர்ந்ததை நான் என் கண்ணால பாத்திருக்கேன்.

இதுல எங்களுக்கும் பங்கு இருக்கு, மறைக்கல. செல்லுலோஸ் அசிட்டேட் ஃபிலிம் போட்டு லேமினேட் பண்றது ஒரு காலத்துல உலகம் பூரா ஆவணக் காப்பகங்கள்லயே நடந்துது. 1930கள்ல ஆரம்பிச்சது, பல பத்து வருஷம் பெரிய பெரிய ஆவணங்களுக்கெல்லாம் செஞ்சாங்க, அப்புறம்தான் அந்த ஃபிலிமே கெட்டுப்போய் பேப்பரையும் கெடுக்குதுன்னு தெரிஞ்சு விட்டாங்க. அதுல இருந்து நாங்க கத்துக்கிட்ட விதி ஒண்ணே ஒண்ணுதான்: எதைப் பண்ணினாலும் நாளைக்கு அதைத் திருப்பி எடுக்க முடியணும்.

அப்ப நீங்க எப்படித்தான் வெக்கறீங்கன்னு கேப்பீங்க. பாலியஸ்டர் ஷீட், மைலார்னு சொல்லுவோம், ரெண்டு ஷீட்டுக்கு நடுவுல போஸ்டரை சும்மா வெச்சு ஓரத்துல மட்டும் ஒட்டுவோம், அதுவும் போஸ்டர்ல இருந்து கொஞ்சம் தள்ளி. பேப்பர் மேல ஒரு சொட்டு பசை படாது. நாளைக்கு வேணும்னா ஓரத்தை வெட்டினா போஸ்டர் அப்படியே வெளிய வரும். பாக்க லேமினேஷன் மாதிரியேதான் இருக்கும், அதனாலதான் ஜனங்க குழம்பிக்கறாங்க. அதையும் அமிலத்தை எடுத்த பிறகுதான் பண்ணுவோம், எடுக்க முடியலேன்னா மூலைல காத்துக்கு வழி விட்டு, பின்னாடி அமிலத்தை உறிஞ்சற மாதிரி கால்சியம் கார்பனேட் கலந்த பேப்பர் ஒண்ணு வெப்போம்.

இவ்ளோ பதறணுமா, ஒரு சினிமா போஸ்டர்தானேன்னு சிலர் கேக்கறாங்க. 1931ல வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. அதோட பிரின்ட் இன்னிக்கி எங்கயும் இல்ல. கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி அந்தப் படத்துல எப்படி இருந்தாங்கன்னு நமக்குத் தெரியுதுன்னா அது பாட்டுப் புத்தகத்து அட்டைல இருந்து. படம் பாத்துட்டு வீசிட்டுப் போற அந்தப் பாட்டுப் புத்தகத்தை யாரோ ஒருத்தர் வீசாம வெச்சதால! புனேல தேசியத் திரைப்படக் காப்பகம் ஆரம்பிச்சதே 1964லதான், அதுக்குள்ள எத்தனையோ படம் போயே போச்சு. மிஞ்சினதெல்லாம் துண்டு நோட்டீஸ், ஸ்டில், போஸ்டர், பத்திரிகை விளம்பரம். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகத்தோட நிறுத்தாம நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு எல்லாத்தையும் சேத்து வெச்சாரு, 1992ல அவர் போன பிறகு அந்த சேகரிப்புதான் 1994ல சென்னைல ஆராய்ச்சி நூலகமா ஆச்சு. சினிமா பி.ஆர்.ஓ.வா இருந்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் சேத்து வெக்கலேன்னா தமிழ் சினிமா பத்தி இன்னிக்கி நாம பேசற பாதித் தகவல் இருக்காது. ரெண்டு பேருமே யாரும் சம்பளம் குடுத்து சேக்கச் சொன்னவங்க இல்ல.

நல்லா இருக்கட்டும்னு ஓரத்தை வெட்டறது இன்னொரு கொடுமை. ஃபிரேமுக்கு அடங்கலன்னு அடில ரெண்டு அங்குலம் வெட்டிடறாங்க. அந்த அடிலதான் பொடி எழுத்துல அச்சகத்தோட பேரும் ஊரும் இருக்கும். அச்சடிக்கற எந்தத் தாள்லயும் அச்சகத்துப் பேரும் ஊரும் போடணும்னு 1867ஆம் வருஷச் சட்டமே சொல்லிச்சு. தேதியே போடாத போஸ்டரோட காலத்தை நாங்க கண்டுபிடிக்கறது பெரும்பாலும் அந்த ஒரு வரியை வெச்சுதான். அதே மாதிரி மேல ஒட்டியிருக்கற ஸ்லிப். "இன்று முதல்", "தினசரி 4 காட்சிகள்", தியேட்டர் பேருன்னு போஸ்டர் மேல தனியா ஒரு துண்டு ஒட்டியிருக்கும், அதை அழுக்குன்னு நெனச்சு தண்ணி தொட்டு உரிச்சுட்டு வர்றாங்க. ஐயோ, அந்த ஸ்லிப்தான் இந்தப் போஸ்டர் எந்த ஊர்ல எந்தக் கொட்டகைல ஓடுச்சுன்னு சொல்ற ஒரே சாட்சி. பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்க. எம்.ஆர். (மதுரை ராமநாதபுரம்), டி.டி. (திருச்சி தஞ்சாவூர்), டி.கே. (திருநெல்வேலி கன்னியாகுமரி)ன்னு படம் விநியோகம் பண்ற ஏரியாவோட சுருக்கப் பேரு, விநியோகஸ்தர் ஆபீஸ் ஸ்டாம்ப், பென்சில்ல போட்ட கணக்கு, எல்லாம் அங்க இருக்கும். மதுரை ராமநாதபுரத்துக்குப் போன கட்டா, திருநெல்வேலி கன்னியாகுமரிக்குப் போன கட்டான்னு தெரியறது எங்களுக்கு சின்ன விஷயம் இல்ல. லேமினேட் பண்ணும்போது "பின்பக்கம் அசிங்கமா இருக்கு"ன்னு வெள்ளைப் பேப்பர் ஒட்டிட்டு வந்த ஒரு கட்டை இன்னும் மேஜை மேல வெச்சிருக்கேன், என்ன பண்றதுன்னு தெரியல.

செல்லோ டேப்பும் அப்படித்தான். கிழிசலுக்கு டேப் போடாதீங்க, எந்த டேப்பும். மேல இருக்கற பிளாஸ்டிக் வருஷம் போகப் போக தானா உதிர்ந்துடும், பசை மட்டும் பேப்பருக்குள்ள எறங்கி பழுப்புக் கறையா நின்னுடும், அந்தக் கறை லேசுல போகாது. ஃபெவிகால் வேண்டாம். மைதா பசையும் வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு விருந்து வெக்கற மாதிரி. பைண்டிங்காரங்க பூச்சி வராம இருக்க மைதாவுல மயில்துத்தம் கலப்பாங்க, அந்தத் துத்தத்துல இருக்கற செம்பு பேப்பரை அரிச்சுடும், பழைய பைண்டிங் புத்தகத்துல ஓரம் மட்டும் கருகின மாதிரி இருக்கும் பாருங்க, அதுக்கு இதுவும் ஒரு காரணம். கிழிஞ்சிருந்தா கிழிஞ்சபடியே விடுங்க. உதிர்ந்த துண்டை ஒரு பேப்பர் கவர்ல போட்டு கூடவே வைங்க. நாங்க ஜப்பான் பேப்பரும், மைதா மாதிரி இல்லாம புரதத்தை எடுத்துட்ட கோதுமை ஸ்டார்ச்சும் வெச்சு ஒட்டிக்கறோம், அது தண்ணி தொட்டா திரும்ப வந்துடும்.

மடிச்ச போஸ்டர், குறிப்பா ஆறு தாள் சேத்து ஒட்டற பெரிய ஆறு ஷீட் போஸ்டர், மடிப்புல விரிசல் விட்டிருந்தா வலுக்கட்டாயமா பிரிக்காதீங்க, அயர்ன் பாக்ஸ் பக்கமே போகாதீங்க. சுருட்டி வெக்கணும்னா குறுக்களவு நாலு அங்குலத்துக்குக் குறையாத அட்டை உருளை மேல, நல்ல வெள்ளைப் பேப்பர் ஒரு சுத்து போட்டு, வெளிப்பக்கமா தளர்வா சுத்துங்க. பிளம்பர் கடை பிவிசி பைப்புக்குள்ள திணிக்கறவங்க நெறைய பேர், பிவிசில இருந்தும் அமிலம் வரும், ஆபீஸ் ஃபைல் கவரும் அதே கதைதான். பாச்சை உருண்டை போடாதீங்க, பூச்சிக்கு ஆகாதது உங்களுக்கும் ஆகாது, அந்தப் பெட்டியைத் தொறந்து எனக்கு தலைவலி வந்து படுத்த நாள் உண்டு. பரண் வேண்டாம், ஓட்டு வீட்டுப் பரண் வேண்டவே வேண்டாம். சுவத்தை ஒட்டி வெக்காம, தரைல வெக்காம, காத்தோட்டமான ரூம்ல பீரோவுக்குள்ள வைங்க, மாசத்துக்கு ஒரு தடவை தொறந்து பாருங்க. வெயில் படற சுவத்துல மாட்டாதீங்க, டீக்கடைப் போஸ்டர் எல்லாம் ஏன் நீலமாவே தெரியுதுன்னு யோசிச்சிருக்கீங்களா, மஞ்சளும் செவப்பும் முதல்ல ஓடிடுது, நீலமும் கறுப்பும்தான் மிஞ்சுது.

நனைஞ்சுட்டா? 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் வந்த கட்டுகள்ல முக்கால்வாசியைக் கெடுத்தது தண்ணி இல்ல, மொட்டை மாடி வெயில். நனைஞ்ச பேப்பரை ஒண்ணு ஒண்ணா பிரிக்காதீங்க, வெயில்ல காயப்போடாதீங்க, ஹேர் டிரையர் வேண்டாம். அப்படியே பாலிதீன் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வெச்சுட்டு எங்களை மாதிரி யாருக்காவது போன் பண்ணுங்க. ரெண்டு நாளைக்குள்ள பண்ணணும், அதுக்கு மேல போனா பூஞ்சை புடிச்சுடும். மீன் வாங்கி வெக்கற ஃப்ரீசரா இருந்தாலும் பரவால்ல.

"ஸ்கேன் பண்ணிட்டேன், இனி ஒரிஜினல் எதுக்கு"ன்னு கேக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ஸ்கேன் பண்ணுங்க, ரொம்ப நல்லது. ஆனா லித்தோ கல்லுல எத்தனை கலர் தனித்தனியா அடிச்சாங்க, எந்தக் கலர் மேல எந்தக் கலர் ஏறியிருக்கு, பேப்பர் எந்த மாதிரின்னு தெரிஞ்சுக்க பூதக்கண்ணாடி வெச்சு ஒரிஜினலைத்தான் பாக்கணும். ஹார்டு டிஸ்க் செத்துப் போச்சுன்னு அழுதுட்டு வந்தவங்களும் உண்டு.

அப்புறம், எம்.ஜி.ஆர், சிவாஜி போஸ்டரை மட்டும் எடுத்து வெச்சுட்டு மீதியை பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்க, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். பெரிய ஸ்டார் போஸ்டரைச் சேக்க ஊருக்கு நாலு ரசிகர் இருக்காங்க. டப்பிங் படம், சர்க்கஸ், நாடகக் கம்பெனி, திருவிழாக் கச்சேரி, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, இதையெல்லாம் யாரும் எடுத்து வெக்கறதே இல்ல. ஃப்ளெக்ஸ் வர்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஊர்ல ஜனங்க எப்படி சந்தோஷப்பட்டாங்க, எப்படி துக்கம் கொண்டாடினாங்கங்கறது அதுலதான் இருக்கு. குடுக்கும்போது ஒரு வெள்ளைத் தாள்ல யாரோடது, எந்த ஊரு, எப்படி வந்துச்சுன்னு நாலு வரி எழுதிக் குடுங்க, அது போதும்.

அந்தத் தஞ்சாவூர்க்காரரோட 38 போஸ்டரையும் பாத்துட்டேன். அஞ்சு போஸ்டர்ல பிளாஸ்டிக் ஓரம் லேசா விட்டிருக்கு, அதுல ஏதாவது செய்ய முடியுமான்னு ஒரு மூலைல மட்டும் சோதனை பண்ணிட்டு இருக்கேன். மத்த 33ஐயும் இனி சூடு படாம, மடங்காம படுக்கப் போட்டு வெக்கறதைத் தவிர இப்போதைக்கு வழியில்ல. அவருக்கு போன் பண்ணிப் பக்குவமா சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "பெட்டிக்கு அடில இன்னும் ஒரு கட்டு இருக்கு மேடம், காசு பத்தலன்னு அதை மட்டும் லேமினேட் பண்ணாம விட்டுட்டேன்"னாரு. கயித்தைக் கூட அவுக்காதீங்க, அப்படியே வைங்க, ஞாயித்துக்கிழமை நானே வந்து எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன்.