ஆர்க்கைவ் பிட்டை இறக்கியது யார்?

1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தபோது அதன் ஹார்ட் டிஸ்க் 10 எம்பி. ஒரு ஃப்ளாப்பியில் அடங்குவது 360 கேபி. டிஸ்க் நிறைந்திருந்தால் முழு பேக்கப்புக்கு முப்பது ஃப்ளாப்பி வரை ஒவ்வொன்றாகச் செருகி எடுக்க வேண்டும். தினமும் மாலையில் இதற்கு எந்த அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள்? அன்றைக்கு மாறிய ஃபைல்களை மட்டும் எடுத்தால் ஒன்றிரண்டு ஃப்ளாப்பியோடு வேலை முடியும். எவை மாறின என்பது கணினிக்குத் தெரிந்தால் போதும். அதைக் குறித்துவைப்பதுதான் ஆர்க்கைவ் பிட்: ஒவ்வொரு ஃபைலோடும் இருக்கும், 1 அல்லது 0 ஆகும் ஒரு குறி.

தேதியைப் பார்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். எக்ஸ்டியில் பேட்டரியில் ஓடும் கடிகாரமே கிடையாது. ஆன் செய்ததும் அதன் இயங்குதளமான டாஸ் தேதி கேட்கும். வெறுமனே எண்டரைத் தட்டினால் அன்று 1980 ஜனவரி 1. அவசரத்தில் தட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்ட இயந்திரத்தில் தேதியை வைத்து பேக்கப் எடுத்தால், இன்று காலை எழுதிய ஃபைல் மூன்று வருடப் பழசாகத் தெரிந்து விடுபட்டுப்போகும்.

ஆர்க்கைவ் பிட்டுக்குக் கடிகாரம் தேவையில்லை. டிஸ்கின் ஃபைல் பட்டியலான டைரக்டரியில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 32 பைட் பதிவு ஒன்று உண்டு. அதன் 12ஆவது பைட்டில்தான் படிக்க மட்டும், மறைவு, சிஸ்டம் போன்ற குறிகள் இருக்கின்றன. ஆர்க்கைவ் பிட்டும் அங்கேதான். எழுதப்பட்ட ஃபைல் மூடப்படும்போது டாஸ் அந்தப் பிட்டை ஏற்றிவிடும், அதாவது 1 ஆக்கும். பேக்கப் எடுக்கும் நிரல் நகல் எடுத்ததும் இறக்கிவிடும், அதாவது 0 ஆக்கும். அக்காலத்தின் இன்னோர் இயங்குதளமான சிபிஎம் பிளஸில் இது தலைகீழ்: அங்கே பிட் ஏறியிருந்தால் நகல் எடுத்தாயிற்று என்று பொருள். இரண்டிலும் வேலை பார்த்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டியிருந்தது.

டாஸ் 2.0இன் பேக்கப் கட்டளையில் /எம் கொடுத்தால் பிட் ஏறிய ஃபைல்கள் மட்டும் போகும். டாஸ் 3.2இல் எக்ஸ்காப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை வந்தது. அதில் /ஏ, /எம் இரண்டும் பிட் ஏறியதை மட்டுமே எடுக்கும். /ஏ பிட்டைத் தொடாது, /எம் இறக்கிவிடும். ஃப்ளாப்பி நிறைந்து எக்ஸ்காப்பி நின்றுவிட்டால் அடுத்த ஃப்ளாப்பியைப் போட்டு அதே /எம் கட்டளையை மறுபடி கொடுங்கள். போனவற்றின் பிட் இறங்கியிருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அழகான ஏற்பாடு. ஆனால் ஒரு ஃப்ளாப்பியைவிடப் பெரிய டிபேஸ் (தரவுத்தள நிரல்) ஃபைலுக்கு இது உதவாது, எக்ஸ்காப்பிக்கு ஃபைலைப் பிரிக்கத் தெரியாது. அதற்கு பேக்கப் கட்டளைதான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இருப்பது ஒரே ஒரு பிட். யார் நகல் எடுத்தார்கள், எங்கே வைத்தார்கள் என்று அதில் எதுவும் பதிவாகாது. ஓர் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை முழு பேக்கப், மற்ற நாட்களில் மாறியவை மட்டும் என்று ஒழுங்காக நடந்துவந்தது. ஊழியர் ஒருவர் வீட்டில் வேலை பார்ப்பதற்காக மதியமே எக்ஸ்காப்பி /எம் போட்டு ஃபைல்களைத் தன் ஃப்ளாப்பியில் எடுத்துப் போனார். மாலை பேக்கப்புக்கு அந்த ஃபைல்கள் கண்ணிலேயே படவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் டிஸ்க் போனபோது அவற்றின் பழைய வடிவம்தான் திரும்பக் கிடைத்தது. பேக்கப் நிரல் எந்தப் பிழையும் காட்டியிருக்கவில்லை, காட்டவும் வழியில்லை.

இன்னொன்று: பிட் இறங்குவது நகல் எடுத்தவுடன், அந்த நகல் திரும்பப் படிக்க வருமா என்று பார்த்த பிறகு அல்ல. எக்ஸ்காப்பியில் சரிபார்க்கும் /வி கொடுத்தாலும், டிஸ்கில் எழுதிய செக்டாரை (அதாவது அந்தச் சிறு பகுதியை) படிக்க முடிகிறதா என்றுதான் டாஸ் பார்க்கும்; மூலத்தோடு ஒப்பிடாது. ஃப்ளாப்பி கெட்டது தெரிந்தால் ஃபைலின் குறிகளை மாற்றும் அட்ரிப் கட்டளையில் +ஏ கொடுத்து அந்த ஃபைல்களின் பிட்டைக் கையால் ஏற்றிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். நீக்கிய ஃபைலுக்குப் பிட்டே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். வரிசையாக மீட்கும்போது என்றைக்கோ அழித்தவையும் உயிரோடு வந்து நிற்கும்.

சிறிய அலுவலகங்களுக்கு நான் சொல்வது இதுதான்: தினமும் எக்ஸ்காப்பி /ஏ. பிட்டை இறக்குவது வாரம் ஒருமுறை, முழு பேக்கப்பைச் சோதித்த பிறகு, ஒரே ஒருவர் கையால். நாளுக்கு நாள் நகல் பெரிதாகும், ஃப்ளாப்பி கூடுதலாகச் செலவாகும். ஆனால் மீட்க வேண்டிய நாளில் முழு நகலும் கடைசி நாள் நகலும் இருந்தால் போதும். நடுவில் ஒரு ஃப்ளாப்பி காணாமல் போனதற்காக மாதக் கணக்கை இழக்க வேண்டியதில்லை.

அந்தப் பிட் இன்றைய விண்டோஸிலும் இருக்கிறது. விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியில் /எம், /ஏ இரண்டும் அதே பொருளில்தான் இயங்குகின்றன. அலுவலகத்தில் யாரோ எப்போதோ கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த பேட்ச் ஃபைல் இரவில் ஓடிக்கொண்டிருந்தால் திறந்து பாருங்கள். அதில் /எம் இருந்து, அதே டிரைவில் இன்னொரு பேக்கப் நிரலும் அந்தப் பிட்டை நம்பி ஓடினால், இரண்டுமே பிட்டை இறக்காதபடி இன்றே மாற்றுங்கள்; /எம் இருந்த இடத்தில் /ஏ போதும்.