இல்லாத பூனையைத் தாண்டும் கால்

சாம்பி போன மூன்றாம் நாள். விடிய இன்னும் நேரமிருந்தது. விளக்கைப் போடாமலே தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். சமையலறை நிலைப்படியை நெருங்கும்போது என் வலது கால் தானாக ஒரு சாண் உயர்ந்து, எதையோ தாண்டி, அந்தப் பக்கம் பதமாக ஊன்றியது. அங்கே வெறும் தரை. 17 வருடமாக அவள் குறுக்கே நீட்டிப் படுத்திருந்த இடம் அது. (இலக்கணப்படி பூனை அஃறிணைதான். எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் இலக்கணப்படி பேசியதில்லை.)

குழி தோண்டியபோது வராத அழுகை அந்த இருட்டில் வந்தது. அழுது ஓய்ந்த பிறகு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அவள் மூச்சு நின்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். தலைக்குத் தெரிந்த சேதி காலுக்கு ஏன் எட்டவில்லை?

மூளை எல்லாவற்றையும் ஒரே பேரேட்டில் எழுதுவதில்லை. 'செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மேசைமேல், என் கைக்குள்' என்று ஒரு நிகழ்ச்சியை ஒரே தடவையில் பதிந்துகொள்வது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைச் சார்ந்த வேலை. பழக்கத்தின் கணக்கு வேறு இடத்தில் நடக்கிறது. ஆயிரக்கணக்கான தடவை ஒரே இடத்தில் ஒரே மாதிரி காலைத் தூக்கி வைத்தது, மூளையின் உட்பகுதியில் இருக்கும் அடித்தள நரம்பு முடிச்சுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. அங்கே எதுவும் ஒரே நாளில் ஏறாது, ஒரே நாளில் இறங்கவும் செய்யாது. மரணச் செய்தி முதல் பேரேட்டில் அன்றே பதிவாகிவிட்டது. இரண்டாவது பேரேட்டில் பூனை இன்னும் நிலைப்படியில் படுத்திருக்கிறது.

இதைவிட விசித்திரமான ஒன்றை நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகர ஆய்வகம் ஒன்றில் கண்டார்கள். மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகிய இருவரின் ஆய்வகம் அது. மூளை எப்படி இடத்தை அறிகிறது என்ற ஆராய்ச்சிக்காக 2014இல் நோபல் பரிசு பெற்றவர்கள். ஆல்பர்ட் சாவோ என்ற ஆய்வாளரும் அவர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட சோதனை இது: எலி ஒரு பெட்டிக்குள் திரிகிறது. பெட்டிக்குள் ஒரு பொருளை வைக்கிறார்கள், பிறகு எடுத்துவிடுகிறார்கள். ஹிப்போகாம்பஸுக்குத் தகவல் கொண்டுபோகும் எண்டோரைனல் புறணியில் சில நரம்பணுக்கள், பொருள் இருந்தபோது சும்மா இருந்தன. அதை எடுத்த பிறகு, எலி அந்த வெற்றிடத்தைக் கடக்கும்போதெல்லாம் அவை துடித்தன. 'இங்கே ஒன்று இருந்தது' என்று சொல்வதற்கென்றே அணுக்கள்! சிலவற்றில் அந்தத் துடிப்பு நாட்கணக்கில் நீடித்தது. எலியின் பெட்டியிலிருந்து என் சமையலறைக்கு நேராகக் கோடு போட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் வெற்றிடம் என்பது மூளைக்கு வெறும் இடமாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்த எலிகள் காட்டிவிட்டன.

சரி, காலின் கதை புரிகிறது. வலி எங்கிருந்து வருகிறது?

பூட்டில் சாவி திரும்பும் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்துக்கும், உள்ளேயிருந்து அவள் தொப்பென்று குதிக்கும் சத்தத்துக்கும் நடுவே இரண்டு விநாடி இருக்கும். வயதான பிறகு நான்கு விநாடி. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளிடம் ஆராய்ந்தது இதே மாதிரி ஒரு இடைவெளியைத்தான். விளக்கு எரியும், சற்று நேரத்தில் பழச்சாறு ஒரு சொட்டு வரும். பழகிய பிறகு, குரங்கின் டோபமைன் அணுக்கள் சாறு வரும்போது துள்ளுவதில்லை, விளக்கு எரிந்தவுடனேயே துள்ளுகின்றன. விளக்கு எரிந்து சாறு வராமல் போனால்? சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் அணுக்களின் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே விழுகிறது. ஷுல்ட்ஸும் இரண்டு சகாக்களும் 1997இல் எழுதிய கட்டுரை இதை 'முன்கணிப்புப் பிழை' என்று விளக்கியது. டோபமைனை இன்ப ரசாயனம் என்று எழுதுவது பத்திரிகைகளின் வழக்கம். அதன் முக்கிய வேலை வாத்தியார் வேலை. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி, அடுத்த கணிப்பைத் திருத்துவது.

சாவி திரும்புகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சத்தம் வரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ கீழே இறங்குகிற மாதிரி இருக்கும். மூளை ஒரு கணக்கைத் திருத்திக்கொள்கிறது என்று அப்போது யாராவது சொன்னால் கன்னத்தில் அறையத் தோன்றும்.

அரிசோனா பல்கலைக்கழகத்தின் மேரி-ஃப்ரான்ஸஸ் ஓகானர், துயரத்தை ஒருவகைக் கற்றல் என்றே பார்ப்பவர். அவரும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தாயையோ சகோதரியையோ மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த 23 பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, போனவரின் படத்தைக் காட்டினார்கள். வலி தொடர்பான பகுதிகள் எல்லோரிடமும் விழித்துக்கொண்டன. துயரம் ஆறாமல் தங்கிவிட்ட 11 பேரிடம் மட்டும் கூடுதலாக ஒன்று: வெகுமதியை எதிர்நோக்கும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற சிறு பகுதியும் வேலை செய்தது. ஏக்கம் எவ்வளவு அதிகமோ, அங்கே அவ்வளவு செயல்பாடு. இழந்ததை நினைத்து அழுவதும், அது வரும் என்று காத்திருப்பதும் வேறு வேறு. இரண்டாவதுதான் ஆளை விடமாட்டேன் என்கிறது.

கடைக்கண்ணில் பூனை தெரிவதும் இந்தக் காத்திருப்பின் வேலையே. கண் கூர்மையாகப் பார்ப்பது நடுவே சுமார் 2 டிகிரி அகலத்துக்குத்தான். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் நகத்தின் அகலம் எவ்வளவோ அவ்வளவு. மீதிப் பரப்பில் வருவது மங்கலான தகவல். அதை மூளை தன் பழைய அனுபவத்தை வைத்து நிரப்பிக்கொள்கிறது. நாற்காலியில் சாம்பல் நிறமாக ஏதாவது சுருண்டு கிடந்தால், 17 வருடமும் பூனையென்று ஊகித்துத்தான் சரியாக இருந்தது. இப்போது மட்டும் ஏன் வேறு மாதிரி ஊகிக்க வேண்டும்? புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயப்படத் தேவையில்லை. வேல்ஸில் டூயி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் எழுதிய கட்டுரையில், கிட்டத்தட்டப் பாதிப் பேர் போனவர் அருகில் இருப்பதுபோல் உணர்ந்ததாகப் பதிவு செய்திருக்கிறார். பலர் அதை அதற்குமுன் யாரிடமும் சொன்னதே இல்லை.

'பூனைதானே' என்பவர்களுக்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. சோதனைக்கூடத்தில் நிறுவப்பட்டதல்ல, நானே எண்ணிப் பார்த்தது. ஒரு நாள் முழுக்க, அவள் இருப்பாள் என்று என் உடம்பு எதிர்பார்த்த இடங்களைத் தாளில் கோடு கோடாகக் குறித்தேன். எழும்போது போர்வையை மெதுவாக விலக்கியது. கதவை முழுதாகச் சாத்தாமல் விட்டது. நாற்காலியில் உட்காரும் முன் திரும்பிப் பார்த்தது. மத்தியானத்துக்குள் 30ஐத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். தூரத்தில் இருக்கும் நெருங்கிய உறவினர் இறந்தால் வாரத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு நின்றுபோகும். வீட்டுக்குள் காலடியில் கிடந்த உயிர் போனால் ஒரு நாளைக்கு 30 தடவை கணிப்பு பொய்க்கும். எது பெரிய அன்பு என்ற ஒப்பீட்டுக்கு நான் வரவில்லை. எத்தனை தடவை குத்துகிறது என்ற கணக்கு மட்டும்தான். இந்தத் துயரத்துக்கு விடுப்பு கிடையாது, துக்கம் விசாரிக்க ஆள் வராது. கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: சமூகம் உரிமை தராத துயரம்.

இனி, என்னை அதிகம் படுத்தியது. குற்ற உணர்ச்சி.

அவளுடைய தண்ணீர்க் கிண்ணம் சில மாதமாகவே சீக்கிரம் காலியானது. வெயில் காலம், அதனால் குடிக்கிறாள் என்று நினைத்தேன். இரத்தப் பரிசோதனை செய்தபோது சிறுநீரகம் பெரும்பாலும் போயிருந்தது. கிழப்பூனைகளுக்கு மிகச் சாதாரணமாக வரும் நோய் இது. ஏன் முன்னமே தெரியவில்லை என்பதில் ஒரு உடலியல் இருக்கிறது. சிறுநீரகம் நெஃப்ரான் எனும் நுண்வடிகட்டிகளால் ஆனது. சில செத்தால் மிச்சமுள்ளவை கூடுதலாக உழைத்து ஈடுகட்டும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போன பிறகே சிறுநீரைச் சுண்டவைக்கும் திறன் குறைகிறது. உடம்பு நீரை இழக்க, பூனை அதிகம் குடிக்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் எல்லை தாண்டுவதற்குள் முக்கால் பங்கு போயிருக்கும். அந்தக் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. வயதான பூனைக்குத் தசை கரைந்திருப்பதால் அந்த எண்ணும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். போதாததற்கு, பூனைகள் நோவைக் காட்டிக்கொள்ளாத சாதி. நான் பார்த்த கிண்ணம் நோயின் முதல் அறிகுறி என்று நினைத்திருந்தேன். அது நோயின் பிற்பகுதி.

இருந்தும் மனம் கேட்பதில்லை. 'அப்போதே தெரிந்திருக்க வேண்டும்' என்கிறது. பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975இல் இந்தக் குரலைச் சோதித்தார். 1814இல் பிரிட்டிஷாருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டையைப் பற்றிப் பலரையும் படிக்கவைத்தார். ஒரு குழுவிடம் இவர்கள் ஜெயித்தார்கள் என்றார், இன்னொரு குழுவிடம் அவர்கள் என்றார். முடிவை மறந்துவிட்டு மதிப்பிடுங்கள் என்று கேட்டபோதும், தங்களுக்குச் சொல்லப்பட்ட முடிவே வாய்ப்பு அதிகமுள்ளது என்று ஒவ்வொரு குழுவும் கருதியது. முடிவு தெரிந்த மூளையால் தெரியாத நிலைக்குத் திரும்பிப் போக முடிவதில்லை. காலிக் கிண்ணம் இன்று எனக்கு அபாய மணியாகத் தெரிகிறது. அன்று அது காலிக் கிண்ணம்.

வேதனையில்லாமல் போகட்டும் என்று மருத்துவர் போடும் கடைசி ஊசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் இருந்தவர்கள் பலர் மனதுக்குள் சுமப்பது ஒன்றுண்டு: கண் திறந்தே இருந்ததே, முழித்துப் பார்த்துக்கொண்டே போனதோ? பெரும்பாலும் போடப்படும் மருந்து பென்டோபார்பிட்டால், ஒருவகை மயக்க மருந்து, மிகை அளவில். நரம்புகளை அடக்கும் காபா ஏற்பிகளின் வேலையை அது பெருக்குகிறது. முதலில் அடங்குவது பெருமூளைப் புறணி, அதாவது உணர்வு. சிரை வழியாகப் போட்டால் விநாடிகளில் நினைவு போய்விடும். அதன் பிறகே சுவாச மையம், அதன் பிறகே இதயம். இமை மூடிக் கிடக்கத் தசை வேலை செய்ய வேண்டும், அந்தத் தசையும் தளர்ந்துவிடுவதால் கண் திறந்தபடி நின்றுவிடுகிறது. பின்னால் வரும் ஒரு பெருமூச்சோ கால் துடிப்போ நரம்புகளின் கடைசி அனிச்சை. பார்க்கும் ஆள் அங்கே இல்லை. இதை அன்றே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் அதுவும் துக்கப்படுமா? அமெரிக்காவின் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தில் பிரிட்டனி கிரீன், ஜெனிஃபர் வான்க் இருவரும் 452 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு 2024இல் எழுதினார்கள். கூட இருந்த பிராணி இறந்த பிறகு தூக்கம், சாப்பாடு, விளையாட்டு குறைந்ததாகப் பதில் வந்தது. ஆனால் பதில் சொன்னவர்களும் துக்கத்தில் இருந்தவர்கள். தங்கள் துக்கத்தைப் பூனை முகத்தில் படித்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே எச்சரிக்கிறார்கள்.

துயரத்துக்கு ஐந்து படிகள் என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969இல் அதை எழுதியது, தங்கள் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி. பின்னே இருப்பவர்களுக்கு அதை மாட்டிவிட்டதில் 'நான் இன்னும் மூன்றாம் படியிலேயே நிற்கிறேனே' என்ற அனாவசியக் கவலைதான் மிச்சம். படி எதுவும் இல்லை, பாடங்கள் இருக்கின்றன. அவையும் அழித்து எழுதப்படுவதில்லை. மணியடித்தும் தீனி வராமல் போனால் நாய்க்கு எச்சில் ஊறுவது படிப்படியாக நின்றுவிடும் என்று காட்டிய பாவ்லோவே, சற்று நேரம் விட்டு மறுபடி மணியடித்தால் எச்சில் திரும்ப ஊறுவதையும் கண்டார். பழைய பாடம் அப்படியே இருக்கிறது, அதன்மேல் புதுப் பாடம் ஒன்று படிகிறது. அந்தப் புதுப் பாடமும் கற்ற இடத்தோடு ஒட்டியது. சமையலறையில் கற்றது மாடிப்படிக்குச் செல்லாது. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக ஏமாந்தாக வேண்டும்.

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போகிற நிலைப்படி என்பதால் கால் சீக்கிரமே கற்றுக்கொண்டது. ஐந்தாறு வாரத்தில் உயர்வதை விட்டுவிட்டது. சாவிச் சத்தத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்திருந்தேன்.

எட்டாம் மாதம் ஒரு பயணம். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துணிமணி அடுக்கினேன். பெட்டி திறந்தால் அவள் உள்ளே ஏறி உட்கார்ந்துவிடுவாள். துணியோடு துணியாக இருப்பாள், தெரியாது. மூடியை இறக்கி ஜிப்பைப் பிடித்தவன், மறுபடி திறந்து, சட்டைகளுக்கு அடியில் கையை விட்டு மூலை மூலையாகத் துழாவிக்கொண்டிருந்தேன்.