வட்டியை ஏற்ற ஒரு மாத முன்னறிவிப்பு, லிமிட்டைக் குறைக்க வெறும் தகவல்: கிரெடிட் கார்டு விதி சொல்வது என்ன?

கிரெடிட் கார்டு வங்கியிலிருந்து வரும் மெயில்களில் பெரும்பாலானவை விளம்பரம். அதனாலேயே எதையும் திறந்து பார்ப்பதில்லை. 'கட்டண அட்டவணையில் மாற்றம்', 'விதிமுறைகள் திருத்தம்' என்று சப்பென்று ஒரு தலைப்போடு வரும் மெயிலும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து காணாமல் போகிறது. மாத வட்டி மூன்றரை சதவீதத்திலிருந்து மூன்றே முக்காலுக்கு ஏறப்போகும் செய்தி அதில்தான் இருக்கும். லிமிட் குறைப்பு இன்னும் சுருக்கம். ஒரு வரி எஸ்எம்எஸ், அவ்வளவுதான்.

வங்கி இப்படிச் செய்யலாமா? இரண்டையும் செய்யலாம். ஆனால் இரண்டுக்கும் விதி ஒன்றல்ல. வட்டியையோ கட்டணத்தையோ ஏற்றும்போது உங்கள் கையில் சில உரிமைகள் இருக்கின்றன. லிமிட்டைக் குறைக்கும்போது ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் கஸ்டமர் கேரில் மணிக்கணக்காகச் சண்டை போடுபவர்கள் நிறையப் பேர்.

எந்த விதி?

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு வழங்குவது பற்றிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பெரும்பகுதி அந்த ஆண்டு ஜூலை 1 முதலும், சில பிரிவுகள் அக்டோபர் 1 முதலும் நடைமுறைக்கு வந்தன. 2024 மார்ச்சில் திருத்தமும் வந்தது. வங்கிகளோடு, கார்டு வழங்கும் நிதி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஷாப்பிங் ஆப் பெயரிலோ விமான நிறுவனத்தின் பெயரிலோ கார்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கார்டில் யார் பெயர் பெரிதாக இருந்தாலும், பதில் சொல்லவேண்டியது கார்டை வழங்கிய வங்கிதான். ஆப்பின் உதவி மையத்தோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வட்டி ஏறும்போது

முதலில் ஒரு கசப்பான உண்மை. கிரெடிட் கார்டு வட்டிக்கு இந்தியாவில் எண்ணாகச் சொல்லப்பட்ட உச்சவரம்பு கிடையாது. 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம், ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் வரம்புக்குள் வரும் விஷயம் என்பதே அதன் நிலை. ரிசர்வ் வங்கியோ, வட்டி கந்துவட்டி அளவுக்குப் போகக்கூடாது, அதற்கொரு உச்ச அளவை வங்கியே நிர்ணயித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே மாதம் மூன்றே முக்கால், அதாவது ஆண்டுக்கு 45 சதவீதம் என்று ஒரு வங்கி வாங்கினால், 'இது அநியாயம்' என்று சொல்லலாமே தவிர, 'இது சட்டவிரோதம்' என்று சொல்ல முடியாது.

ஆனால் ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. வட்டியும் பிற கட்டணங்களும் பற்றிய பகுதியில் விதி தெளிவாக இருக்கிறது. மாற்றம் எதுவானாலும் இனி வரும் நாட்களுக்குத்தான். முன்தேதியிட்டு வசூலிக்கக் கூடாது. குறைந்தது ஒரு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும். அந்த மாற்றம் உங்களுக்குப் பாதகம் என்று நினைத்தால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. ஒரு நிபந்தனை: பாக்கி முழுவதையும் கட்டியிருக்க வேண்டும்.

அந்த நிபந்தனையில்தான் இடிக்கிறது. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடுபவருக்கு வட்டி 45 ஆனாலும் 450 ஆனாலும் ஒன்றுதான். அவர் கார்டை உடனே மூடிவிடலாம், ஆனால் மூடத் தேவையே இல்லை. பாக்கி வைத்திருப்பவருக்குத்தான் வட்டி ஏற்றம் வலிக்கும். அவரால் உடனே மூட முடியாது. 'முன்தேதியிட்டு அல்ல' என்பதையும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. கடந்த மாத வட்டியைத் திரும்பக் கணக்குப் போட மாட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். பழைய பாக்கிக்கும் புது வட்டி தொடங்கும் நாளிலிருந்து புது விகிதமே. அமெரிக்காவில் 2009-ல் வந்த கிரெடிட் கார்டு சட்டம் 45 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. கட்டவேண்டியதை 60 நாளுக்கு மேல் கட்டாமல் விட்டால் ஒழிய, பழைய பாக்கிக்குப் பழைய வட்டியே தொடரும் என்பது அங்கே பொதுவான விதி. நம் விதியில் அந்தப் பாதுகாப்பு எழுதப்படவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கால் சதவீதம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,000 ரூபாய் பாக்கி. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,750 ரூபாய். கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது 315. ஆக 2,065. நீங்கள் மாதம் 2,500 ரூபாய் கட்டுகிறீர்கள் என்றால் அசலில் குறைவது 435 ரூபாய். இப்போது வட்டி 3.75 ஆகிறது. வட்டி 1,875, ஜிஎஸ்டி 337.50, மொத்தம் 2,212.50. அதே 2,500 கட்டினால் அசலில் குறைவது 287.50 மட்டுமே. விகிதம் ஏறியது கால் சதவீதம். கடன் அடையும் வேகம் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இந்தக் கணக்கில் புதுச் செலவு எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதையும் பாருங்கள். பாக்கி இருக்கும் கார்டில் புதிதாக ஒன்று வாங்கினால் வட்டியில்லா நாட்கள் என்ற சலுகை அதற்குக் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி.

மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டவேண்டிய தொகை மட்டும் கட்டிக்கொண்டே போனால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்று ஒவ்வொரு ஸ்டேட்மென்டிலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பதும் விதிதான். மினிமம் டியூவைக் கட்டியும் கடன் வளர்ந்துகொண்டே போகும்படி அந்தத் தொகையை வைக்கக் கூடாது. கட்டாமல் விட்ட தாமதக் கட்டணம், வரி போன்றவற்றை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடவும் கூடாது. ஸ்டேட்மென்டில் இதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். தாமதக் கட்டணத்துக்கு வட்டி விழுந்திருந்தால் அது பேச்சுவார்த்தைக்கு உரிய விஷயமே இல்லை, விதிமீறல்.

அந்த ஒரு மாதத்தில் என்ன செய்யலாம்

கையில் பணம் இருந்தால் கட்டிவிடுவதுதான் ஆகச் சிறந்தது. 45 சதவீத வட்டியைத் தாண்டி லாபம் தரும் வைப்புநிதி எங்கும் கிடையாது. சேமிப்பில் பணத்தை வைத்துக்கொண்டு கார்டு பாக்கியையும் சுமப்பது நாம் எல்லோரும் பார்த்திருக்கும் விசித்திரம்.

பணம் இல்லையென்றால், பாக்கியை அந்த வட்டியிலிருந்து வெளியே நகர்த்த வேண்டும். அதே வங்கியில் இஎம்ஐ ஆக மாற்றலாம், குறைந்த வட்டியில் தனிநபர் கடன் வாங்கி அடைக்கலாம், வேறு கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். எதுவானாலும் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, செயல்முறைக் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். இஎம்ஐ ஆக மாற்றும்போது வட்டியை மறைத்து, 'நோ காஸ்ட்' என்று பெயர் வைத்து விற்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. வேறு கார்டுக்கு மாற்றும்போது சலுகை வட்டி எத்தனை மாதம், அதன்பின் எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்து இன்னொரு பாக்கியை அடைப்பதை மட்டும் செய்யாதீர்கள். அதற்கு எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, மேலே கட்டணம் வேறு.

மூடுவது என்று முடிவெடுத்தால், முதலில் ரிவார்டு பாயின்ட்டுகளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அந்தக் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகக் கழியும் ஆட்டோ டெபிட்டுகளை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். பிறகு எழுத்தில் கோரிக்கை. இப்படி இருந்தால் போதும்:

'இந்தத் தேதியிட்ட உங்கள் அறிவிப்பில் உள்ள வட்டி மற்றும் கட்டண மாற்றம் எனக்குப் பாதகமாக இருப்பதால் என் கிரெடிட் கார்டை மூடும்படி கேட்டுக்கொள்கிறேன். பாக்கித் தொகை முழுவதும் கட்டப்பட்டுவிட்டது. கோரிக்கை எண்ணையும், மூடியதற்கான உறுதிப்படுத்தலையும் அனுப்பவும்.'

பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று வங்கி கட்டாயப்படுத்த முடியாது. ஹெல்ப்லைன், மெயில், ஆப், நெட் பேங்கிங் எல்லாவற்றிலும் இதற்கு வழி இருக்க வேண்டும். கோரிக்கை போனதும் ஓர் இனிமையான அழைப்பு வரும். ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், வவுச்சர் தருகிறோம் என்பார்கள். வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் 'சரி, யோசிக்கிறேன்' என்று நீங்கள் சொல்வது கோரிக்கையை வாபஸ் பெற்றதாகப் பதிவாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லிமிட் குறையும்போது

இங்கே விதி ஒரே வரி. லிமிட்டைக் கூட்ட உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும். குறைத்தால், உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சம்மதம் வேண்டாம், ஒரு மாத அவகாசமும் சொல்லப்படவில்லை.

காரணம் சில சமயம் உங்களிடம் இருக்கும்: வேறொரு கடனில் தவணை தவறியது, குறுகிய காலத்தில் பல கடன்களுக்கு விண்ணப்பித்தது, கிரெடிட் ஸ்கோர் (கடனை எப்படித் திருப்பிக் கட்டுகிறீர்கள் என்பதற்கான மதிப்பெண்) இறங்கியது, கார்டை மாதக்கணக்கில் தொடாமலே வைத்திருந்தது. சில சமயம் உங்களுக்குச் சம்பந்தமே இருக்காது. 2023 நவம்பர் 16 அன்று ரிசர்வ் வங்கி, கார்டு கடன்களுக்கு வங்கிகள் வைக்க வேண்டிய ரிஸ்க் வெயிட்டை 125-லிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. அதாவது அதே கடனுக்கு வங்கி கூடுதல் மூலதனத்தை ஒதுக்க வேண்டும். இப்படிப்பட்ட நேரத்தில் கணக்கைச் சுருக்கப் பார்க்கும் வங்கியின் கண் முதலில் படுவது பயன்படாத லிமிட்டுகளின் மேல்தான்.

லிமிட் குறைந்தால் செலவு குறையும், நல்லதுதானே என்று கேட்கலாம். ஸ்கோர்தான் சிக்கல். 2 லட்சம் லிமிட்டில் 50,000 செலவு என்றால் பயன்பாடு 25 சதவீதம். லிமிட் ஒரு லட்சம் ஆனதும் அதே செலவு 50 சதவீதம். 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் அளவு. நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமலே கடனில் மூழ்கியவர் மாதிரி தெரிவீர்கள். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப்போகும் நேரமென்றால் இது வலிக்கும். அந்தச் சில மாதங்கள் ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிட்டால் பதிவாகும் பாக்கி குறையும். வட்டி ஏறிய கோபத்தில் பழைய கார்டை மூடுபவர்களும் இதையே தங்களுக்குத் தாங்களே செய்துகொள்கிறார்கள்: மொத்த லிமிட் சுருங்கி, பயன்பாட்டு விகிதம் ஏறிவிடும்.

அடுத்து, ஆட்டோ டெபிட். லிமிட் குறைந்தது தெரியாமல் இன்சூரன்ஸ் பிரீமியம் போகாமல் நின்றுவிட்டால் பாலிசியே காலாவதி ஆகலாம். எஸ்எம்எஸ் வந்த அன்றே இதைப் பார்த்துவிடுங்கள். லிமிட்டைத் தாண்டியதாகச் சொல்லி ஓவர்லிமிட் கட்டணம் போட்டிருந்தாலும் விடாதீர்கள். உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் லிமிட் தாண்ட விடக்கூடாது என்பது விதி. 'நான் எப்போது சம்மதித்தேன், காட்டுங்கள்' என்று கேட்கலாம்.

கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று இந்த அறிக்கையைத் தயாரிக்கும் நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடைத்த கடன் பாக்கியாகக் காட்டப்படுவதும், உங்களுடையதே இல்லாத கடன் ஏறியிருப்பதும் நடக்கிற கதைதான். தவறிருந்தால் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. திருத்திய அறிக்கையோடு, வருமானச் சான்றையும் இணைத்து, பழைய லிமிட்டைத் திரும்பத் தரும்படி வங்கியிடம் கேட்கலாம். கேட்கத்தான் முடியும்.

புகார் எழுதும்போது

முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் தொடங்கிய ஏற்பாடு, கட்டணம் இல்லை. புகார்களுக்கான ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் இணையதளத்தில் பதிவு செய்யலாம். விவரம் கேட்க 14448.

புகாரை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வங்கியின் வணிக முடிவுகளைக் குறைதீர்ப்பாளர் விசாரிப்பதில்லை. அது திட்டத்திலேயே விலக்கப்பட்டுள்ளது. 'ஏன் என் லிமிட்டைக் குறைத்தார்கள்', 'வட்டி அதிகம்' என்று எழுதினால் புகார் அங்கேயே நின்றுவிடும். 'லிமிட்டைக் குறைத்ததை எனக்குத் தெரிவிக்கவில்லை', 'ஒரு மாத முன்னறிவிப்பு இல்லாமல் புது விகிதத்தில் வட்டி போட்டார்கள்', 'தாமதக் கட்டணத்தின் மேல் வட்டி விழுந்திருக்கிறது', 'பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களில் மூடவில்லை' என்று எழுதினால் அது சேவைக் குறைபாடு. சம்பந்தப்பட்ட இரண்டு மாத ஸ்டேட்மென்டுகள், வங்கி அனுப்பிய அறிவிப்பு வந்த தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், நீங்கள் அனுப்பிய கோரிக்கை, அதற்கு வந்த எண் ஆகியவற்றை இணையுங்கள். அறிவிப்பே வரவில்லை என்பதுதான் உங்கள் வாதம் என்றால், அதை அனுப்பியதற்கான ஆதாரத்தைக் காட்டும்படி வங்கியிடம் முதல் புகாரிலேயே கேட்டுவிடுங்கள்.