61 நாள் தடைக்காலமும் பார் மீன்களும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983இன் கீழ், மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக ஆண்டுதோறும் வரும் தடை இது. முன்பு 45 நாள், இப்போது 61 நாள். மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு கரையையும் தொட்டுக் கிடக்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிழக்குப் பக்கத்துக்கு ஒரு கணக்கு, மேற்குப் பக்கத்துக்கு ஒரு கணக்கு.

தடைக்காலத்தில் மீன் வாங்குவது குற்றமா என்று பலர் கேட்கிறார்கள். குற்றமில்லை. தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகும் வள்ளமும் கட்டுமரமும் போகலாம். கேரளத்து மீனும் வரும். ஜூன் முதல் இரண்டு வாரம் தமிழகத்தின் இரு கரையும் மூடியிருப்பதால் விலை ஏறும். அந்த நாட்களில் பெரிய மீன் மலிவாகக் கிடைத்தால், எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தொழில் நிற்கும் காலத்துக்கு மாநில அரசு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. பணம் வங்கிக் கணக்கில் வரவாகும். 61 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். படகு உரிமையாளர் எப்படியோ சமாளிப்பார். பங்குக்குப் போகும் தொழிலாளி வீட்டில் இந்தத் தொகை எத்தனை நாள் அடுப்பெரிய வைக்கும்? கடலைக் காப்பதற்கான விலையை அதிகம் கொடுப்பவர் அவர்தான். இந்தத் தொகை உயர வேண்டும் என்பதே என் கருத்து.

இனி பார் மீன்களின் கதை. பவளப்பாறைத் திட்டைக் கடலோடிகள் 'பார்' என்பார்கள். மண்டபம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றிய இந்தப் பார்களைக் காக்கத்தான் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். இதற்குள் மீன் பிடிக்க அனுமதியில்லை. அந்த 21இல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததுதான் பெரிய காரணம்.

களவாய், விளமீன், கிளிமீன், ஓரா எல்லாம் இந்தப் பார்களை அண்டி வாழ்பவை. ஓராவும் கிளிமீனும் பாசியைத் தின்று பவளம் மூச்சுவிட இடம் கொடுப்பவை. களவாயின் கதை இன்னும் வியப்பானது. பெரும்பாலான களவாய் இனங்கள் பெண்ணாகவே வளர்ந்து, சில ஆண்டுகள் முட்டையிட்டு, பெரிதான பிறகே ஆணாக மாறும். எனவே பெரியதை மட்டும் பிடித்தால் ஆண் குறையும். சிறியதையே பிடித்தால் ஒருமுறைகூட முட்டையிடாத பெண் போய்விடும். உள்ளங்கை நீளத்தில் பழுப்புப் புள்ளியோடு கூடைக்குள் கிடக்கும் களவாய்க் குட்டி, தன் இனத்துக்கு இன்னும் எதையும் விட்டுச் செல்லாதது. குழம்புச் சட்டியில் அது இரண்டு துண்டுக்கு மேல் தேறாது.

தூண்டிலுக்கும் கூடு என்னும் மீன்பொறிக்கும் ஆண்டு முழுவதும் அகப்படும் மீன் களவாய். எல்லாப் பார் மீனும் அந்த 61 நாளில்தான் முட்டையிடும் என்பதும் இல்லை. தடைக்காலம் இவற்றைப் பாதியளவுதான் காக்கிறது. மீதி, வாங்குபவர் கையில். சிறு களவாயையும் கிளிமீனையும் விட்டுவிட்டு, விரைவாக வளர்ந்து பெருகும் சாளை, நெத்திலி, அயிலை வாங்கலாம். சதைப்பற்றான மீன்தான் வேண்டுமென்றால் கூண்டில் வளர்த்த கடல்விரால் இருக்கிறது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி மையம் குஞ்சு பொரித்துப் பழக்கிய மீன் அது.

சிலவற்றில் தேர்வுக்கே இடமில்லை. கடல் அட்டை, கடல் குதிரை, ராட்சதக் களவாய் ஆகியவை 2001இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தன. பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். காய்ந்த கடல் குதிரையைப் பையில் எடுத்துப் போவதும் அதில் அடங்கும்.

சிங்கி இறாலுக்கு எடை வரம்பு உண்டு. 2003இல் மத்திய அரசு, இனத்துக்கு ஏற்ப 150 முதல் 500 கிராமுக்குக் குறைந்த சிங்கியை ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. அந்த வரம்பு ஏற்றுமதிக்கானது. கரையோர உணவகத்துத் தட்டுக்கு அது எட்டுவதில்லை. சிங்கி கேட்கும்போது ஒருமுறை அதைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வாலின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் மணி மணியாக ஒட்டியிருந்தால் அது முட்டை சுமக்கும் தாய். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.