சவரக்கத்தியின் ‘ஸ்கேல்’: செதில் அல்ல, பிடிப்பட்டை

மடக்குச் சவரக்கத்தியை மடித்தால், அதன் அலகு இரண்டு மெல்லிய துண்டுகளுக்கு நடுவே போய் உட்காரும். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் பிடி, அதுவே உறையும். ஆங்கிலத்தில் இவற்றுக்கு ‘ஸ்கேல்ஸ்’ என்று பெயர். தமிழில் தேடினால் ‘செதில்கள்’ என்று வரும், சில நேரம் ‘அளவுகோல்’, அதுவும் தப்பினால் ‘தராசு’. கத்திக்கு ஏது செதில்?

ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் வந்து சேர்ந்த வெவ்வேறு சொற்கள் இவை. அளவுகோலைக் குறிக்கும் ஸ்கேல், ஏணி என்ற பொருளுள்ள ‘ஸ்காலா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தராசு ஸ்கேல், கிண்ணத்தைக் குறித்த பழைய நார்ஸ் சொல்லின் வழி. மீன் செதிலும் கத்திப் பிடியும் மூன்றாவது குடும்பம்: பழைய பிரெஞ்சு ‘எஸ்கால்’, அதாவது ஓடு, உமி. ஆகவே அடிப்படைப் பொருள் மேலே மூடியிருக்கும் ஓடு என்பதுதான். மீனுக்கு அது செதில், கத்திக்கு அது வேறு.

தமிழில் ‘தகடு’ என்றால் உலோகம் என்ற எண்ணம் வந்துவிடும். ‘இதழ்’ அழகாக இருக்கிறது, ஆனால் பட்டறையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘பட்டை’ பொருந்துகிறது. மரத்தை மூடியிருப்பதும் பட்டை, தட்டையாக நீண்டிருப்பதும் பட்டை. பட்டை அரம், பட்டைக் கம்பி என்று சேலத்துப் பட்டறைகளில் நாள்தோறும் புழங்குகிற சொல்தான். தனியே ‘பட்டை’ என்றால் கத்தி தீட்டும் தோல் பட்டையோடு குழம்பும் என்பதால் ‘பிடிப்பட்டை’ என்பதே சரி.

மற்ற உறுப்புகளுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. பட்டைகளைக் கோக்கும் ரிவிட் தறையாணி. அடிமுனையில் இரண்டு பட்டைகளுக்கும் இடைவெளி தரும் துண்டு ஆப்பு. அலகின் பின்னால் நீளும் பகுதி காம்பு. ‘சவரம்’ வடமொழி க்ஷௌரத்திலிருந்து வந்தது. தமிழில் ‘மழித்தல்’ உண்டு, குறள் 280 ‘மழித்தலும் நீட்டலும் வேண்டா’ என்கிறது. பொருநராற்றுப்படை காதுக்கு உவமையாக ‘மயிர்குறை கருவி மாண்கடை’யைச் சொல்கிறது. அங்கே கருவி கத்தரிக்கோல், கடை அதன் பிடி வளையம். மடக்குக் கத்தியின் பிடிக்கு அதை இழுத்து வருவது வீண் வேலை.

பெயர் முடிந்தது, இனி பொருள். சேலத்துப் பழைய இரும்புக் கடையிலோ ஏற்காட்டுப் பழைய வீட்டுச் சாமான்களிலோ இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்களில் செய்த கத்தி கிடைத்தால், கருப்பாக இருப்பதெல்லாம் ‘கொம்பு’, வெள்ளையாக இருப்பதெல்லாம் ‘தந்தம்’ என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். இரண்டையும் நம்பக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டும், பிறகு தேய்த்து முகர வேண்டும். பட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் சூடேறும்வரை அழுத்தித் தேய்த்து உடனே முகர்ந்தால், கற்பூர வாசனை செல்லுலாய்டைக் காட்டிக்கொடுக்கும். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பழைய பிளாஸ்டிக் அது. 1870இல் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயட் அதற்குக் காப்புரிமை பெற்றார். கந்தக நாற்றம் அடித்தால் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். கார்பாலிக் சோப்பு நெடி என்றால் பேக்கலைட், அதுவும் பழைய பிளாஸ்டிக்தான். காய்ச்சிய ஊசியைக் குத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும். தந்தமாக இருந்தால் சுட்ட கறை போகாது.

வெள்ளைப் பட்டையை 10 மடங்கு லென்ஸில் பார்க்கலாம். கோடு போட்ட நோட்டுப் போலச் சீரான இடைவெளியில் கோடுகள் ஓடினால் அது தந்தம் போலச் செய்த செல்லுலாய்டு. சின்னச் சின்னக் கரும்புள்ளிகளும் குறுங்கோடுகளும் தெரிந்தால் எலும்பு. அவை இரத்தக் குழாய் ஓடிய துளைகள். தந்தத்தில் கோடுகள் ஒழுங்கில்லாமல் ஓடும், குறுக்குவெட்டு முகத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். தந்தமோ ஆமையோடோ என்று தெரிந்தால் வாங்குவது, விற்பது பற்றிய பேச்சே கூடாது: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

இருப்பதிலேயே தொல்லை பிடித்தது செல்லுலாய்டுதான். கற்பூரம் மெல்ல ஆவியாகிப் போகப் போக, மிச்சமிருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆவியை விடும். அது ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். சேலத்து வெயில் சிதைவை விரைவுபடுத்தும், ஏற்காட்டுப் பனிமூட்டம் ஈரத்தைத் தரும். இரண்டுக்கும் நடுவே பாவம் அந்தக் கத்தி. அடையாளம் தெளிவானது. வெளியே தெரியும் காம்பு நன்றாக இருக்கும், பட்டைக்குள் அடங்கும் அலகுப் பகுதியில் மட்டும் துரு பூக்கும். பித்தளைத் தறையாணி பச்சை கட்டும். பட்டைக்குள் உடைந்த கண்ணாடி போல நுண்விரிசல் ஓடும். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தேன் நிறப் பட்டைகள் முதலில் போகும். இதற்கு மருந்து கிடையாது. பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அலகைக் காப்பாற்றுவதுதான் வழி. நல்ல நிலையில் உள்ள செல்லுலாய்டுக் கத்தியையும் பிஸ்கட் டப்பாவில் அடைக்காமல், மற்ற கத்திகளிலிருந்து தள்ளிக் காற்றோட்டமாக வைக்க வேண்டும். அசிட்டோன் பட்டால் கரையும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் மோட்டாரில் பாலிஷ் போடக் கொடுக்கலாமே என்று தோன்றும். உராயும் சூட்டில் செல்லுலாய்டு எரியும், அலகு சூடேறினால் பதமும் போகும். கையால் தேய்ப்பதே நல்லது.

கொம்பு அப்படியில்லை, கொஞ்சம் பொறுமை போதும். எருமைக் கொம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெல்லிய ஓரத்தில் செம்பழுப்புக் கீற்று தெரியும். எபோனைட்டில் ஒன்றும் தெரியாது. கொம்பைத் தேய்க்கும்போது முடி கருகுகிற வாடை லேசாக வரும். வளைந்த கொம்புப் பட்டையை 70-80 டிகிரி வெந்நீரில் 3 முதல் 5 நிமிடம் போட்டு, இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு ஓர் இரவு விட்டால் நேராகும். கொதிக்கவிட்டால் அடுக்கு அடுக்காகப் பிரியக்கூடும். பூச்சி அரித்த குழியில் கொம்புத் தூளை நிரப்பி, சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு அடுக்கும் காய்ந்தபின் அடுத்ததை இட வேண்டும். பிறகு 400, 600, 1000, 2000 எண் உப்புத்தாள், ஈரத்தோடு. உலர்வாகத் தேய்த்தால் தூள் மூக்கில் ஏறும், முகக்கவசம் கட்டாயம்.

எபோனைட் வெயில் பட்டுப் பழுப்பேறும். எபோனைட் பேனா வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பச்சைத் தண்ணீர் தொட்டு 1000, 2000 தாளில் தேய்த்தால் கருமை திரும்பும். வெந்நீர் பட்டால் பழுப்பு கூடும்.

எதைச் செய்வதானாலும் முதலில் தறையாணியைக் கழற்ற வேண்டும். அலகின் வாயில் டேப் ஒட்டிக்கொண்டு, ஆணித் தலையின் கவிழ்ந்த ஓரத்தை மட்டும் மெல்லிய அரத்தால் ராவி, வாஷரை எடுத்துவிட்டு, 1.5 மி.மீ. உளியாணியால் (பின் பஞ்ச்) தட்டி வெளியே தள்ளலாம். தலையை ராவாமல் தட்டினால் பட்டை கீறும். பழைய ஷெஃபீல்டு கத்தியில் ஆப்பு ஈயமாக இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்க்கக் கூடாது, தொட்டபின் கை கழுவ வேண்டும்.

திரும்பப் பூட்ட 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி. வாஷருக்கு மேல் இரு பக்கமும் 0.8 மி.மீ. மட்டும் நீட்டி வெட்டி, உருண்டைத் தலைச் சிறு சுத்தியால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி லேசாகத் தட்ட வேண்டும். நீளம் கூடினால் ஆணி உள்ளே வளைந்து கொம்பைப் பிளக்கும். பத்துப் பதினைந்து தட்டுக்கு ஒருமுறை அலகை மடக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் இறங்காமல் ஒரு பட்டையை உரசினால் ஆணியை இன்னும் தட்டிப் பயனில்லை, ஆப்பின் இரு பக்கச் சரிவும் சமமா என்று பார்க்க வேண்டும்.