சனிக்கிழமை வாயர்மேன்

பினாங்கில் 22 வருடமாக வாயரிங் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் எஸ்பிஎம் பரீட்சை முடித்த பையன்கள்தான் கையாளாகச் சேரக் கேட்டு வருவார்கள். இப்போது நாற்பதைத் தாண்டியவர்கள் வருகிறார்கள். பாயான் லெபாஸில் சாப்ட்வேர், சர்வர் என்று இருந்தவர்கள். "டீமையே கலைக்கப் போறாங்களாம் அண்ணே, இந்தத் தொழிலுக்கு வந்துடலாமா?"

வரலாம். ராஜினாமாக் கடிதத்தை மட்டும் அவசரப்பட்டு நீட்டாதீர்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 2018-இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டம், ஆட்குறைப்பில் போனவர்களுக்கு வேலை தேடும் காலத்தில் அலவன்ஸ் தருகிறது, பயிற்சிக்கும் உதவுகிறது. 60 நாளுக்குள் மனு செய்ய வேண்டும். தானாக விலகியவருக்குப் பொதுவாக அது கிடையாது.

சனிக்கிழமைகளில் மட்டும் என்னோடு வருகிறார் ஒருவர். 15 வருடம் சாப்ட்வேர் சோதித்தவர். ஜெலுத்தோங்கில் ஒரு வீடு, மழை பெய்தால் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் மொத்த வீட்டையும் துண்டிக்கும் சுவிட்ச், டிரிப்பாகிறது. ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் சின்ன சுவிட்சுகளான எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கி, நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். "வாசல் விளக்கை ஆஃப் பண்ணியும் விழுது. அது இல்லண்ணே."

முறை சரிதான். ஆனால் அந்த எம்சிபி, கரண்ட் வரும் லைவ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். கரண்ட் திரும்பும் நியூட்ரல் கம்பி அப்படியே இருக்கும். அது ஈரத்தில் எர்த்தைத் தொட்டால், ஏர்கோன் ஓடும்போது திரும்பி வரும் கரண்டில் கொஞ்சம் அந்த வழியாக நழுவும். போனதும் வந்ததும் கணக்கு உதைத்தால் ஆர்சிசிபி விழுந்துவிடும். நியூட்ரல்களைக் கழற்றி, கசிவைச் சோதிக்கும் மெகர் மீட்டரை வைத்துப் பார்த்தோம். வாசல் விளக்கேதான்! உள்ளே தண்ணீர், கூடவே ஓர் எறும்புக் குடும்பம்.

அந்த நோட்டுப் பழக்கம் என் பழைய கையாட்கள் யாரிடமும் இருந்ததில்லை. அப்புறம் ஏணியில் நின்று, தலைக்கு மேல் ஸ்க்ரூ முடுக்கும்போது அவருக்குக் கை நடுங்கியது. சீலிங்குக்கு மேல் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. இதை வகுப்பில் தெரிந்துகொள்ள முடியாது.

வகுப்பு என்றதும் ஒன்று. எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வேறு, எரிசக்தி ஆணையத்தின் வாயர்மேன் தகுதிச் சான்றிதழ் வேறு. அந்த வாயர்மேன் சான்றிதழில், ஒரு பேஸ் வேலைக்கு நாங்கள் பிடபிள்யூ 2, மூன்று பேஸ் என்றால் பிடபிள்யூ 4 என்போம். பணம் கட்டுமுன் எதற்கான வகுப்பு என்று கேளுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு வெள்ளியை இறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம்மவர் இன்னும் ஆபீஸ் வேலையை விடவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு முட்டிக்குப் போடும் பேட் வாங்கிவிட்டாராம்.