கடித்த விலங்கு ஒன்று, வைரஸின் வீடு வேறு

2001-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபிளாக்ஸ்டாஃப் நகரில், ஸ்கங்க்குகள் (நாற்றநீரைப் பீய்ச்சும் சிறு காட்டு விலங்குகள்) ஒன்றன்பின் ஒன்றாக ரேபிஸ் நோயில் செத்தன. ஸ்கங்க்குக்கு ரேபிஸ் வருவது அந்த நாட்டில் புதிதல்ல. ஆனால் அவற்றின் மூளைத் திசுவில் இருந்த வைரஸின் மரபணுவைப் படித்தபோது, அது வௌவால்களிடம் சுற்றும் வகை என்று தெரிந்தது. வௌவாலிடமிருந்து தாவி வந்த வைரஸ், ஸ்கங்க்குகளுக்குள்ளேயே பரவத் தொடங்கியிருந்தது.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ரேபிஸ் வைரஸின் மரபுப்பொருள் சுமார் 12,000 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழை. அதில் இருப்பவை ஐந்தே மரபணுக்கள். இழையை நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. அதனால் ஆண்டுக்குச் சில எழுத்துகளாவது மாறி, வழிவழியாக நிலைத்துவிடுகின்றன. பாடபேதங்களை ஒப்பிட்டு, எந்தச் சுவடி எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று பதிப்பாசிரியர்கள் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

அப்படி வரைந்த வம்சமரத்தில் இரண்டு பெருங்கிளைகள். ஒன்று நாய்க்கிளை. உலகெங்கும் நாய்களிடம் பரவும் வகைகளோடு, நரிகளிடமும் தென்னாப்பிரிக்காவின் மஞ்சள் கீரிகளிடமும் சுற்றும் வகைகளும் இதில்தான் வருகின்றன. ஐரோப்பாவில் 20-ஆம் நூற்றாண்டில் பரவிய சிவப்பு நரி ரேபிஸும் நாய்களிடமிருந்து போனதே. மற்றது வௌவால் கிளை. இது அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் உண்டு. ரக்கூன்களின் (வட அமெரிக்காவில் வாழும், மோதிர வால் கொண்ட சிறு விலங்கு) வைரஸ், நாய் வைரஸைவிட வௌவால் வைரஸுக்கே நெருங்கிய உறவு என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

தாவுவது அடிக்கடி நடக்கும், வேரூன்றுவது அரிது. நாய் கடித்த மாடு சாகும். மாட்டிடமிருந்து இன்னொரு மாட்டுக்குப் பெரும்பாலும் போகாது. அங்கேயே சங்கிலி அறுந்துவிடும். எந்த இனம் சங்கிலியை அறுபடாமல் வைத்திருக்கிறதோ, தடுப்பூசி அதற்குத்தான் போக வேண்டும். தான்சானியாவின் செரங்கெட்டியில் காட்டு விலங்குகளிடம் கிடைத்த வைரஸும் நாய் வகையே. ஆகவே அங்கே காட்டை விட்டுவிட்டு ஊர் நாய்களுக்கு ஊசி போடுவதே சரியான வழி. ஐரோப்பாவிலோ சங்கிலியை அறுபடாமல் வைத்திருந்தது நரிதான். 1978-இல் ஸ்விட்சர்லாந்தில் தொடங்கி, தடுப்பு மருந்து வைத்த இரைகளைக் காடுகளில் போட்டார்கள்.

அமெரிக்கா 2007-இல் நாய் ரேபிஸ் ஒழிந்ததாக அறிவித்தது. அப்புறமும் அங்கே நாய்களுக்கு ரேபிஸ் வருகிறது, ரக்கூனிடமிருந்தும் ஸ்கங்க்கிடமிருந்தும். ஒழிந்தது நாய்களுக்குள் சுற்றிய வகை மட்டுமே. நாய்களுக்கான தடுப்பூசியை அங்கே இன்னும் நிறுத்தவில்லை.